தனி அட்டை முதலில் பேசும்

உங்கள் வகுப்பில் சத்தம் அதிகம் என்று யாராவது வந்து கதவைத் தட்டினால் பதறிப்போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். "விளையாடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தட்டியவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பணி ஓய்வு வரைக்கும் அந்த முகத்தைத்தான் பார்க்கப்போகிறீர்கள், இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

இந்த வருடம் நம் துறையில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசும்படி அழைப்பு வந்தது. மென்பொருள் பாடத்தை விளையாட்டாக நடத்துவது எப்படி என்பது தலைப்பாம். எனக்கும் மைக்குக்கும் ஒத்துவராது. மைக்கைக் கண்டால் நல்ல நல்ல வார்த்தையாகப் பேச ஆரம்பித்துவிடுவேன், அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே எழுதித் தருகிறேன். பஸ்ஸில் படித்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஏறினால் கல்லூரி வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிடும். விழுப்புரத்தில் ஏறுகிறவர்களுக்கும் அதே தூரம்தான்.

பாடத்திட்டத்தில் அஜைல் என்று ஒரு அலகு இருக்கும். ஒரு பெரிய மென்பொருளை மாசக்கணக்கில் மூடிவைத்துச் செய்து கடைசியில் திறந்து காட்டுவது பழைய வழி. அப்படிச் செய்யாமல் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, ஒவ்வொன்றையும் கேட்டவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவதற்குப் பெயர் அஜைல். இவ்வளவுதான் சங்கதி. நம் பிள்ளைகள் இதை ஓர் எழுத்துப் பிசகாமல் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்து ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவன் செய்வான், மற்ற மூவரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் நான் விளையாட்டில் இறங்கினேன். காகித ராக்கெட் செய்யச் சொன்னேன். தீப்பெட்டிகளால் ஊர் கட்டச் சொல்லி, பாதி கட்டி முடித்ததும் "எனக்கு நடுவுல ஒரு ஏரி வேணும்" என்று மனசை மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளராக நானே நடித்தேன். கூச்சல் வராண்டா முழுக்கக் கேட்கும். "மேடம் கிளாஸ்ல இன்னிக்கி இன்னா, கபடியா?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விடுவேன்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டில் பிள்ளைகளின் டியூஷன், மாமியார், மனை வாங்குவது என்று பேச்சு ஓடும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். அந்தப் பேச்சுக்கெல்லாம் என்னிடம் சரக்கு கிடையாது. நான் இருந்தால் அவர்களும் யோசித்து யோசித்துப் பேச வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஏன் அந்தக் கஷ்டம்? ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்வேன். வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. பழகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்வேன். உங்களிடம் பொய் சொல்வானேன், பழகவே இல்லை.

விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அட்டை விளையாட்டு. கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி நானே அட்டைகள் செய்தேன். தனியாக இருக்கிறவள் வீட்டில் பத்திரிகைக்கு மட்டும் பஞ்சமில்லை, பழைய மாணவர்கள் மறக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு இருக்கும்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. நான் ஒரு வேலையைச் சொல்வேன். அது எத்தனை வாரம் இழுக்கும் என்று அவரவர் மனசுக்குள் நினைத்து ஓர் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் கை தட்டியதும் எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். யாருடைய அட்டை தனித்து நிற்கிறதோ அவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் முடிக்கும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, நான் உட்பட. இன்னொரு விதியும் உண்டு. நடத்துகிறவர் அட்டை போடக் கூடாது. ஆசிரியை ஒரு எண்ணைப் போட்டால் அப்புறம் வகுப்பே அதைத்தான் போடும்.

இலக்கியா இருந்த வகுப்பில் இதை முதன்முதலாக ஆடியது நன்றாக நினைவிருக்கிறது. முதல் வேலையைச் சொன்னேன். எல்லோரும் ஐந்து. அடடா, என்ன பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது, மாணவர்கள் தங்கள் மதிப்பெண்ணைப் போனில் பார்ப்பதற்கு ஒரு செயலி, உள்ளே நுழைய ஓடிபி வர வேண்டும். திருப்பினார்கள். எல்லோரும் எட்டு. கடைசி பெஞ்சின் ஓரத்தில் மட்டும் ஒரு பதின்மூன்று.

அந்த அட்டைக்குச் சொந்தக்காரி இலக்கியா உடனே எழுந்து நின்றுவிட்டாள். "ஸாரி மேடம், மாத்திக்கிறேன்" என்று அட்டையை எடுக்கப் போனாள்.

"யாரு மாத்தச் சொன்னது? நீதான் மொதல்ல பேசணும். உக்காந்துகினே சொல்லு" என்றேன்.

உட்காரவில்லை. நின்றபடியே, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க ஊர் முகையூர்ல இருந்து இன்னும் உள்ள போவணும் மேடம். டவரு சரியா கெடைக்காது. மெசேஜ் வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்புன்னு கேட்டுக்கினே இருக்கும். அதுக்கு வேற வழி பண்ணணும்னா வேல ஜாஸ்தி ஆவும்ல மேடம், அதான்."

நல்ல பதில். கேட்டவரின் இடத்தில் போய் நின்று யோசித்த பதில். எவ்வளவு தைரியமான பெண் என்று அன்று முழுக்க மெச்சிக்கொண்டிருந்தேன். மறுவாரம்தான் உண்மை தெரிந்தது. வகுப்புத் தலைவன் விக்னேஷின் பேனா மேசைமேல் ஒரு மாதிரியாக இடம் மாறிக்கொண்டே இருந்தது. மூடி போட்டிருந்தால் ஐந்து, மூடி கழன்றிருந்தால் எட்டு, குறுக்கே கிடந்தால் மூன்று.

"விக்னேஷ், அந்தப் பேனாவ எடுத்து உள்ள வைடா."

"எதுக்கு மேடம்?"

"சும்மாதான். வை, பாப்போம்."

உள்ளே வைத்தான். அடுத்த வேலையைச் சொன்னேன். வகுப்பே திருதிருவென்று விழித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு கட்டுக்கோப்பாகக் கூட்டு வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கா நான் கூட்டு வேலை சொல்லிக்கொடுக்கிறேன்!

ஏன் இப்படி என்று கேட்டேன். விக்னேஷ் மறைக்கவில்லை. "தனியா மாட்டிக்கினா எழுப்பி நிக்க வெச்சிடுவாங்க மேடம், பேஜாரு. எல்லாரும் ஒண்ணா தப்பு பண்ணா ஒருத்தரையும் கேக்க மாட்டாங்க."

ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். வேறு பதில் சொன்னவனை எழுப்பி நிற்கவைத்தோம். இதில் அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் என்னை உறுத்தியது வேறு. இலக்கியா டிப்ளமோ முடித்துவிட்டு நேரே இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தவள். முதல் வருடத்திலேயே கூட்டுக்கூட்டாகச் சேர்ந்துவிட்ட வகுப்பில் அப்படி வருகிறவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பேனா விஷயத்தை அவளிடம் யாருமே சொல்லவில்லை. அவள் அட்டை தனியாக நின்றதற்குத் தைரியம் காரணமே இல்லை. அவளே தனியாக இருந்தாள், அவ்வளவுதான்.

அவளும் மதியம் ஆய்வகத்துக்குத்தான் சாப்பிட வந்துகொண்டிருந்தாள். நான் இந்தக் கோடி, அவள் அந்தக் கோடி. அதன் பிறகு ஒரு நாள் அவளே என் மேசைக்கு வந்தாள். அப்போது ஒன்று சொன்னாள். சென்னையில் ஒரு கம்பெனி நம் கல்லூரியிலிருந்து பயிற்சிக்குச் சில பேரை எடுக்கும், பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. யார் யாரை அனுப்புவது என்ற பட்டியலைத் துறைத் தலைவர்தான் தயாரிப்பார். மதிப்பெண்படி அவள் பெயர் அதில் வந்தாக வேண்டும்.

"இது கெடச்சா மெட்ராஸ் போயிடுவேன் மேடம். இது போச்சுன்னா அவ்ளோதான், படிச்சது போதும்னு சொல்றதுக்கு வீட்ல காத்துக்கினு இருக்காங்க" என்றாள்.

விக்னேஷின் குழுவில் அவளைச் சேர்த்தேன். கொஞ்ச நாளில் அவர்கள் அவளிடம் பழக ஆரம்பித்தார்கள். ஷாலினி என்று ஒரு பெண், டிபன் பாக்ஸ் மூடியில் குழம்பு ஊற்றிக் கொடுக்கிற அளவுக்குச் சிநேகிதமானாள். இலக்கியா மதியத்தில் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டாள், அந்தக் கூட்டத்தோடு. எனக்குச் சந்தோஷம்தான். ஆய்வகம் கொஞ்சம் வெறிச்சென்றும் ஆகிவிட்டது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி ஆண்டு விழா வந்தது. கல்லூரி பஸ்கள் எந்த ஊரில் வந்துகொண்டிருக்கின்றன என்று பெற்றோர் போனில் பார்க்க ஒரு செயலி வேண்டும், அதை நம் மாணவர்களே செய்ய வேண்டும், விழா மேடையில் வெளியிட வேண்டும் என்று தாளாளருக்கு ஆசை. நல்ல ஆசைதான். துறைத் தலைவர் "ரெண்டு வாரம் போதும் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். எந்தக் குழு செய்யும் என்று கேட்டபோது விக்னேஷின் குழுவைக் கைகாட்டிவிட்டார். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழுவில் இருந்த ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். துறைத் தலைவர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். தாளாளர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"இன்னா மேடம், கிளாஸ்ல சீட்டாட்டம் நடத்துறீங்களாமே?" என்று சிரித்தார். "எங்க, நமக்கும் ஒரு ஆட்டம் போட்டுக் காட்டுங்க. பசங்க எத்தினி வாரத்துல முடிப்பாங்கன்னு உங்க சீட்டே சொல்லட்டும்."

அந்த இடத்தில் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. "நாளைக்குச் சொல்றோம் சார்" என்று தப்பித்து வந்திருக்கலாம். ஆனால் அவர் எதிரில் ஒரு மாணவர் வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல வேறு எந்த வழியும் நான் பார்த்ததில்லை. அட்டை பேசினால் உண்டு. கைப்பையிலிருந்து கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். துறைத் தலைவருக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் அதைத் தயக்கத்தோடு வாங்கிக்கொண்டார்.

கொடுத்து முடித்த பிறகுதான் விக்னேஷின் சட்டைப் பையைப் பார்த்தேன். இரண்டு பேனா. ஒன்றுக்கு மேல் அவன் வைத்து நான் கண்டதே இல்லை. வாசலில் நிற்கும்போதே எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை இலக்கியாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவளுக்கும் தெரியும். அவள் பார்வை அந்தப் பேனாக்களுக்குப் போய், துறைத் தலைவருக்குப் போய், தன் கையிலிருந்த கட்டுக்கு வந்தது.

கை தட்டினேன்.

இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு. துறைத் தலைவர் இரண்டு. இலக்கியா எட்டு.

"அவசரத்துல மாத்தி எடுத்துட்ட போலக்குது. சரியா பாத்துப் போடும்மா" என்றார் துறைத் தலைவர். குரலில் கனிவு இருந்தது. அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இல்லைங்க சார். பாத்துதான் போட்டேன்."

விதிப்படி அவள்தான் பேச வேண்டும் என்று சொன்னேன். எழுந்து நின்றாள். "ஒலக்கூர் பக்கம் உள்ள போற பஸ்ஸு, எங்க பக்கம் வர்ற பஸ்ஸு, ரெண்டுக்குமே வழியில சிக்னல் போயிடும் சார். மேப்புல அந்தப் புள்ளி அப்பிடியே நின்னுடும். புள்ளி நின்னுட்டா வீட்ல இருக்கறவங்க சிக்னல் போச்சுன்னு நெனைக்க மாட்டாங்க சார், பஸ்ஸு கவுந்துடுச்சோன்னு பயந்துடுவாங்க. அத சரி பண்ணாம குடுக்கக் கூடாது சார். விழாவுக்கு வேணும்னா ஒரே ஒரு பஸ்ஸு மட்டும் காட்டலாம். திண்டிவனம் டவுன் பஸ்ஸு. அது நல்லா வேல செஞ்சா ஒவ்வொண்ணா சேத்துக்கலாம்."

ஒரு துண்டு செய், காட்டு, திருத்து, அடுத்த துண்டு. நான் வருடக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியதை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தாளாளருக்குக் கலங்கவில்லை. "விழா பத்திரிகையில எல்லா பஸ்ஸும்னு அடிச்சாச்சும்மா" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மத்தவங்க எல்லாரும் ரெண்டுங்கறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் எட்டுங்குது. அப்போ இதுக்குத் தெரியலன்னுதான அர்த்தம்? நீங்க சொல்லுங்க மேடம்."

மேசைமேல் அவள் அட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவர் அட்டை போடக் கூடாது என்ற விதியை உண்டாக்கியவளே நான்தான். மிச்சமிருந்த கட்டிலிருந்து எட்டை எடுத்து அவள் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தாளாளர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "ஓ! நீங்க ரெண்டு பேரும் சொல்லி வெச்சிக்கினுதான் வந்தீங்களா?"

பாருங்கள் கூத்தை. பேனா வைத்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் யோக்கியர்கள் ஆனார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத நாங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சதிக்காரர்கள் ஆனோம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளைத் தெரியாத பெண் என்று நினைத்து விட்டிருப்பார். என் அட்டையால் அவள் திமிர் பிடித்தவள் ஆனாள். அவளைத் தனியாக விடாமல் இருந்தது சரியா, அவளுக்காகவே வாயை மூடிக்கொண்டிருப்பது சரியா? அன்றிலிருந்து யோசிக்கிறேன், இன்றைக்கும் விடை தெரியவில்லை. தெரிந்த மாதிரி உங்களுக்குப் பாடம் எடுக்கவும் மாட்டேன். ஆனால் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும், அப்போது யோசிக்க நேரம் இருக்காது. அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் விக்னேஷ் என் பின்னால் வந்து நின்றான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேடம், நானும் எட்டுன்னுதான் நெனச்சேன்" என்றான். அன்று மதியம் குழாயடியில் ஷாலினி. "எனக்கும் எட்டுதான் மேடம் தோணுச்சு. எல்லாரும் ரெண்டுன்னு சொன்னதால..." அந்த வாரம் முடிவதற்குள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள், ஒவ்வொருவராக, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து. ஐந்து பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். "என்கிட்ட சொல்லி என்னடா ஆவப்போவுது? அவகிட்ட போய் சொல்லு."

ஆறாவதாக வந்தவர் துறைத் தலைவர். மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். எனக்கும் தெரியும், எட்டு வாரத்துக்குக் கம்மியா ஆவாது."

எனக்கு வந்த கோபத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "இத அவர்கிட்ட வந்து சொல்லுங்க சார். சொல்ல முடியலன்னா, பயிற்சி லிஸ்ட்டுல அந்தப் பொண்ணு பேரையாவது வையுங்க. அது போதும்."

"லிஸ்ட்ட அவரு பாத்துதான் மேடம் அனுப்புவாரு. அந்தப் பேரப் பாத்தா கேப்பாரு. எனக்கும் ரெண்டு பசங்க இருக்குது" என்றார். பொய் சொல்லவில்லை பாவம். பயம்தான்.

பட்டியல் போனது. விக்னேஷ் பெயர் இருந்தது, ஷாலினி பெயர் இருந்தது. இலக்கியா பெயர் இல்லை. செயலி வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஆண்டு விழாவில் பெரிய திரையில் புள்ளிகள் அழகாக ஓடின. ஒலக்கூர் புள்ளி ஓடியது, முகையூர் புள்ளி ஓடியது, கைதட்டல் அடங்கவே இல்லை. பஸ்கள் எல்லாம் அந்நேரம் மேடைக்குப் பின்னால் ஷெட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

இலக்கியா மறுபடி ஆய்வகத்துக்குச் சாப்பிட வந்தாள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள், பாதியை மூடி எடுத்துக்கொண்டு போவாள்.

அவள் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். படிப்பு முடிந்து விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், அப்புறம் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி. எனக்கு அவளிடமிருந்து போன் வரவில்லை. வர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. வந்தால் நன்றாக இருக்கும்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் பொழுது போகவில்லை. அட்டைக் கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே ஆடிப் பார்த்தேன். பரணைச் சுத்தம் பண்ண எத்தனை நாள்? ஐந்து. திருப்பினேன், ஐந்துதான். தனியாக ஆடினால் எப்போதும் ஒத்துப்போய்விடுகிறது, பேச வேண்டிய அவசியமே வருவதில்லை. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மற்ற கட்டுகள் ஆய்வக அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன, யாரும் தூக்கிப் போட்டிருக்காவிட்டால்.

இனி நான் எடுத்த கடைசி வகுப்பைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆண்டு விழா முடிந்த கையோடு எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்திலிருந்து தேர்வுப் பிரிவு, வகுப்பு கிடையாது. எனக்கு அதுதான் கடைசி விளையாட்டு என்று பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஆறு பேரையும் நடு மேசைக்குக் கூப்பிட்டேன், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

"பஸ் செயலி. நம்ம கல்லூரி பஸ் எல்லாத்துக்கும். எத்தன வாரம்? போடுங்க" என்றேன்.

விக்னேஷ் பேனாவை வெளியே எடுக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கை தட்டினேன்.

எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

இலக்கியா இரண்டு.

"ஏய், இன்னாடி இது?" என்றாள் ஷாலினி.

இலக்கியா என்னைப் பார்த்தாள். "தனி அட்டதான மேடம் மொதல்ல பேசணும்?"

"ஆமா."

"முடிக்கற வரைக்கும் யாரும் நடுவுல பேசக் கூடாதுல்ல?"

"கூடாது. நானும்தான்."

வழக்கமாக எழுந்து நிற்கிறவள் அன்று நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டு வாரத்துல முடியாதுன்னு எனக்குத் தெரியும். பேசணும்னுதான் இத போட்டேன்" என்றாள். "நீங்க அஞ்சு பேரும் எங்கிட்ட வந்து எட்டுன்னு சொன்னீங்க. விக்னேஷ் பஸ்ஸுல சொன்னான். ஷாலினி பாத்ரூம்ல வெச்சு சொன்னா. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாது."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், இன்னிக்கி சத்தத்தையே காணோம்? கிளாஸ் நடக்குதா இல்லியா?"

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பட்டென்று எழுந்தார்கள். இலக்கியா எழவில்லை.

"சார், நான் பேசிக்கினு இருக்கேன். முடிச்சிடறேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். விதி விதிதான், நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவர் மேசையைப் பார்த்தார். வரிசையாக எட்டுகள் கிடந்தன. அது எந்தக் கேள்விக்கான எட்டு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

இலக்கியா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி யாராச்சும் ஒருத்தர் எட்டு போட்டிருந்தா மேடமும் நானும் கூட்டுன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. ஒருத்தர் போதும். இனிமே யாரும் எங்கிட்ட தனியா வந்து எட்டுன்னு சொல்லாதீங்க. அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல." அவ்வளவு நேரமும் திடமாக இருந்த குரல் அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்தது. துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முடிச்சிட்டேன் மேடம்."

இனி மற்றவர்கள் பேசலாம் என்றேன். கதவருகில் நின்றவரையும் சேர்த்துத்தான் சொன்னேன். யாராவது பேசுவார்கள் என்று பஸ் புறப்படும் மணி அடிக்கும்வரை காத்திருந்தோம்.